பினாங்கில் தங்கி ஊர் சுற்றப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"கோலாலம்பூர் மூன்று நாள், லங்காவி இரண்டு நாள், நடுவில் பினாங்கு ஒரு நாள்" என்று திட்டம் போட்டுவிட்டுத்தான் பெரும்பாலானவர்கள் யோசனை கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: அந்த ஒரு நாளை நான்காக்குங்கள், மற்றதைக் குறையுங்கள். பினாங்கு கடந்துபோகிற ஊர் அல்ல. பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டுக் காலையும் மாலையும் கிளம்பி, மதியம் திரும்பி வந்து தூங்குவதற்கு ஏற்ற ஊர். நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு அந்தக் கோணத்திலிருந்தே பதில் எழுதியிருக்கிறேன்.

பினாங்கு என்பது தீவா, நகரமா?

இரண்டும்தான், அதோடு ஒரு மாநிலமும்கூட. மலாக்கா நீரிணையில் இருக்கும் தீவு ஏறத்தாழ 290 சதுர கிலோமீட்டர். அதன் வடகிழக்கு மூலையில் இருக்கிற பழைய நகரம்தான் ஜார்ஜ் டவுன். எதிர்க்கரையில் பட்டர்வொர்த், அதைச் சுற்றியுள்ள நிலப்பகுதியும் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்ததே. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் துறைமுகம் அமைத்தார். அதன் பிறகு சீனர்கள், நம் கடற்கரை மரைக்காயர்கள், செட்டியார்கள், சுமத்ராவின் ஆச்சேயர்கள், பர்மியர்கள் என ஆளாளுக்கு ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தத் தெருக்கள் கலையாமல் இருப்பதால்தான் 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது.

அறை எங்கே எடுப்பது? ஜார்ஜ் டவுனிலா, பத்து பெரிங்கி கடற்கரையிலா?

விடுமுறை எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு முடிவுதான் தீர்மானிக்கும்.

பத்து பெரிங்கி தீவின் வடகரையில், பழைய நகரத்திலிருந்து 15 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பெரிய ரிசார்ட்டுகள், நீச்சல் குளம், மாலையில் சாலையோர இரவுச் சந்தை எல்லாம் அங்கே உண்டு. ஆனால் நகருக்கு வரும் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து வருவது. வார இறுதி மாலைகளில் அதில் மாட்டிக்கொண்டால் பொறுமை போய்விடும். அங்கே அறை எடுத்தவர்கள் காலையில் ஒருமுறை நகருக்கு வந்து, வெயிலில் அலைந்து, மதியம் ஓய்வெடுக்க இடமில்லாமல் சாயங்காலம் சோர்ந்து திரும்புவார்கள். ஊர் உயிர் பெறுவதே சாயங்காலம்தான். அதைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

அதனால் என் ஓட்டு ஜார்ஜ் டவுனுக்கு. லெபோ சூலியா, லெபோ ஆர்மேனியன் (லெபோ என்றால் தெரு), லவ் லேன் பக்கம் பழைய கடைவீடுகளைப் புதுப்பித்துச் சிறு விடுதிகளாக்கியிருக்கிறார்கள். முன்புறம் குறுகல், உள்ளே போகப் போக நீளம், நடுவில் வானம் தெரியும் முற்றம் என்று நம் செட்டிநாட்டு வீடுகளின் தூரத்து உறவுபோல இருக்கும். முன்பதிவு செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: மின்தூக்கி உண்டா, அறைக்குச் சன்னல் உண்டா. பழைய கட்டடங்களில் இரண்டும் இல்லாமல் இருப்பது சாதாரணம். லவ் லேன் பக்கம் மதுக்கடைகளின் சத்தம் நள்ளிரவைத் தாண்டும். சீக்கிரம் தூங்குகிறவர்கள் இரண்டு தெரு தள்ளி எடுக்கலாம்.

சிறு பிள்ளைகள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அவர்களுக்குக் கோயிலும் வேண்டாம், சுவரோவியமும் வேண்டாம், நீச்சல் குளம் போதும். அப்போது தங்கும் இரவுகளில் பாதி நகரில், பாதி பத்து பெரிங்கியில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நகரம் முதலில், கடற்கரை கடைசியில்.

கடல் நீலமாக, கண்ணாடிபோல இருக்குமா?

இருக்காது. சுற்றுலாப் படங்களைப் பார்த்து மாலத்தீவு அளவுக்குக் கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் முதல் நாளே முகம் வாடிவிடுவார்கள். நீரிணை ஆழமில்லாதது. இருபுறக் கரைகளிலிருந்தும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கித்தான் தெரியும். இழுதுமீன், அதாவது சொறிமுட்டை, வருகிற காலமும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் மதியுங்கள், பட்டால் எரிச்சல் சாதாரணமாக இருக்காது.

ஆனால் காலை நடைக்கும் மாலைக் காற்றுக்கும் அந்தக் கடல் அருமை. மணலில் உட்கார்ந்து சூடான மக்காச்சோளம் கடித்துக்கொண்டு, வானில் பாராசூட்டில் தொங்குகிறவர்களை வேடிக்கை பார்க்கலாம். பாராசூட்டிலோ நீர் ஸ்கூட்டரிலோ ஏறுவதென்றால் விலை, நேரம் இரண்டையும் முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

கொஞ்சம் நல்ல கடற்கரை வேண்டுமென்றால் தீவின் வடமேற்கு மூலையான தெலுக் பஹாங்குக்குப் போக வேண்டும். அங்கே பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. காட்டுப் பாதையில் நடந்தோ, படகு பிடித்தோ குரங்குக் கடற்கரைக்கோ பந்தாய் கெராச்சுட்டுக்கோ போகலாம். கெராச்சுட்டில் ஆமை முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கச் செய்யும் நிலையம் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ஓர் ஏரி. சில மாதங்களில் கடல்நீர் கீழேயும் நன்னீர் மேலேயுமாகக் கலக்காமல் நிற்கும், சில மாதங்களில் வறண்டு வெறும் சேறாகக் கிடக்கும். போகும்போது நடந்து, வரும்போது படகில் வருவது நல்ல ஏற்பாடு. படகுக்காரரிடம் திரும்ப அழைக்க வரும் நேரத்தைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரிதான் வடக்கே. வெப்பம் ஆண்டு முழுவதும் 24-லிருந்து 32 டிகிரி வரை. மழை குறைவு என்றால் ஜனவரி, பிப்ரவரி. மழை கொட்டுவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. மற்ற மாதங்களிலும் மதியத்துக்கு மேல் திடீரென்று கறுத்து ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும், அதற்காகப் பயணத்தை ஒத்திவைக்க வேண்டாம். விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு ஒரு மழை வரும். அதை இங்கே 'சுமத்ரா' என்றே சொல்வார்கள்.

சில ஆண்டுகளில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகைமூட்டம் வருவதுண்டு. 2015-இலும் 2019-இலும் கடுமையாக இருந்தது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் காற்றுத்தர அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

சீனப் புத்தாண்டு வாரத்தில் போனால் நல்ல சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும். ஆனால் கேக் லோக் சி என்கிற பௌத்தக் கோயில் முழுக்க விளக்கேற்றியிருப்பார்கள், அதற்காகவே போகிறவர்களும் உண்டு.

எப்படிப் போவது? விசா வேண்டுமா?

சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானத்தை இண்டிகோ 2024 டிசம்பரில் தொடங்கியது. நீங்கள் போகிற மாதத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற வழி கோலாலம்பூர் போய் மாறுவது. கோலாலம்பூரில் ஓரிரு நாள் இருப்பதாயிருந்தால் அங்கிருந்து விமானம் வேண்டாம், இடிஎஸ் என்கிற மின்சார ரயிலில் பட்டர்வொர்த் வாருங்கள். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். படகில் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். கட்டணம் 2 வெள்ளி, அதாவது ரிங்கிட், அளவில்தான். 2023-இல் புதுப் படகுகள் வந்துவிட்டன. பழைய மஞ்சள் படகுகளின் அழகு இவற்றில் இல்லை, ஆனால் குளிர்சாதனம் இருக்கிறது. 13.5 கிலோமீட்டர் பாலத்தில் காரில் வருவதைவிட, கரையும் மலையும் மெல்ல நெருங்கிவரக் கடல்வழியாக இந்த ஊருக்குள் நுழைவதுதான் சரி. ரஜூலா, சிதம்பரம் கப்பல்களில் வந்திறங்கிய நம் தாத்தாக்கள் பார்த்ததும் அந்தக் காட்சியைத்தான்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை. 2023 டிசம்பரில் வந்த இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதன் பிறகு போகிறவர்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது, முன்கூட்டியே இ-விசா எடுக்க வேண்டும். இருவருமே பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கிற தளத்தைப் பார்த்தால் அப்படியே மூடிவிடுங்கள்.

ஊருக்குள் எதில் சுற்றுவது?

பழைய நகரத்துக்குள் கால்நடைதான். கொஞ்சம் தூரமென்றால் படகுத்துறைக்கும் கொம்தார் கோபுரத்துக்கும் இடையே சுற்றும் இலவச 'கேட்' பேருந்து. அதற்கும் மேலே ரேபிட் பினாங்கு பேருந்துகள்: பத்து பெரிங்கி, தெலுக் பஹாங்குக்கு 101, பினாங்கு மலைக்கு 204, விமான நிலையத்துக்கு 401இ. ரொக்கமாகக் கொடுத்தால் சரியான சில்லறை வேண்டும், ஓட்டுநர் மீதி தர மாட்டார். அவசரத்துக்கு, வாடகைக் கார் அழைக்கும் கிராப் செயலி. நான்கு பேர் என்றால் பேருந்துக்கும் கிராப்புக்கும் பெரிய வித்தியாசம் வராது.

ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் விபத்தில் மாட்டினால் பயணக் காப்பீடு கைகொடுக்காது. தேவையில்லாத வம்பு.

அந்த வெயிலில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது?

ஒரு நுணுக்கம் தெரிந்துகொண்டால் போதும். மலேசியாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது, ஆனால் பினாங்கு நாட்டின் மேற்கோரத்தில் இருக்கிறது. அதனால் பொழுது விடியவே ஏழு, ஏழேகால் ஆகும். சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றேகால் மணிவாக்கில். பொழுது சாய ஏழரை. ஆக, பத்தரை மணி வரை வெயில் தாங்கும், மாலை ஏழு வரை வெளிச்சம் இருக்கும்.

காலை ஏழரைக்குக் கிளம்புங்கள். பத்தரை, பதினொன்றுக்கு ஏதாவது கடையில் செண்டோலோ எலுமிச்சைச் சாறோ குடித்துவிட்டு, சாப்பாட்டை முடித்துக்கொண்டு அறைக்குத் திரும்புங்கள். நான்கரை வரை வெளியே தலை காட்டாதீர்கள். அப்புறம் கிளம்பினால் இரவு பத்து வரை தாராளமாக நேரம் இருக்கிறது. நகருக்குள் அறை எடுக்கச் சொன்னதன் காரணம் இந்த மதியத் தூக்கம்தான்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா?

லிட்டில் இந்தியா இருக்கும்வரை அந்தக் கவலை இல்லை. லெபோ பினாங், லெபோ பாசார், குவீன் தெரு சுற்றுவட்டாரத்தில் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் கிடைக்கும். உட்லண்ட்ஸ் போன்ற முழுச் சைவக் கடைகளும் உண்டு. ஆனால் நான்கு நாளும் தோசை சாப்பிடவா இவ்வளவு தூரம் போவது?

சீனச் சைவக் கடைகளைத் தேடுங்கள். பௌத்தர்கள் நடத்துகிற இந்தக் கடைகளில் முட்டைகூட இருக்காது, பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடக் கிடையாது. பத்துப் பதினைந்து வகைப் பதார்த்தம் தட்டுகளில் வைத்திருப்பார்கள், வேண்டியதை அள்ளிக்கொண்டு காட்டினால் விலை சொல்வார்கள். மீன் மாதிரியும் கோழி மாதிரியும் தெரிவது எல்லாம் சோயாவும் கோதுமைப் பசையமும்தான், பயப்படாதீர்கள்.

எச்சரிக்கை வேண்டியது தெருக்கடைகளில். அசாம் லக்சா என்கிற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீனை வேகவைத்து உதிர்த்துப் போட்டதுதான், மேலே இறால் கூழும் ஊற்றுவார்கள். காய்கறிப் பொரியல் என்று வருவதில் பலாச்சான், அதாவது இறால் விழுது, கலந்திருக்கலாம். சார் கோய் தியாவ் என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸில் பன்றிக்கொழுப்பு போடும் கடைகள் பல. "இறைச்சி வேண்டாம்" என்றால் கடைக்காரர் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டுக் கொடுப்பார், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? மலாயில் 'சாயூர் சஹாஜா', காய்கறி மட்டும், என்று சொல்லிவிட்டு இறால், மீன், முட்டை ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுத்துச் சொல்லுங்கள்.

கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: தேங்காய்ப்பாலும் பனைவெல்லப் பாகும் ஊற்றிய செண்டோல், தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் போட்ட புட்டு மாயம் என்கிற நம் இடியாப்பம், ஜாதிக்காய்ச் சாறு, பழவெட்டு. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் மாவில் முட்டை சேர்க்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ளப் பருப்புக் குழம்பு கேட்டு வாங்கலாம்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் எதை விடக்கூடாது?

நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடிபோலத் தண்டு போட்டு, ஒருபக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றதில் பிறந்த சாப்பாடு. இன்று ஊருக்கே அடையாளம். 1907-இல் தொடங்கிய ஹமீதியா இன்னும் நடக்கிறது. லைன் கிளியர், டீன் என்று அவரவருக்கு ஒரு கட்சி. எது சிறந்தது என்று உள்ளூர்க்காரர் இருவரிடம் சேர்ந்தாற்போலக் கேட்டுவிடாதீர்கள், சாப்பாடு ஆறிவிடும்.

வரிசையில் நின்று, சோற்றின் மேல் வேண்டிய கறியைக் காட்டினால் போதும். கடைசியில் எல்லாக் குழம்பிலும் ஒரு கரண்டி ஊற்றச் சொல்ல வேண்டும்: 'குவா சம்பூர்'. மீன்குழம்பும் கோழிக்குழம்பும் பருப்பும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும் என்று முகம் சுளிக்க வேண்டாம், அந்தக் கலவைதான் நாசி கண்டார். பில்லைப் பார்த்து அதிராமல் இருக்க, பெரிய இறால், மீன் சினை, கணவாய் மூன்றுக்கும் எடுக்கும் முன்பே விலை கேளுங்கள். மாட்டிறைச்சியும் வைத்திருப்பார்கள், வேண்டாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் தெருக்கடைகள்: நியூ லேன், கிம்பர்லி தெரு, சூலியா தெரு, கர்னி டிரைவ். நான் கர்னியைக் கடைசியில்தான் வைப்பேன். சுற்றுலாக் கூட்டம் அங்கே அதிகம், சுவை சுமார். முதலில் மேசை பிடித்து உட்காருங்கள், பிறகு ஒவ்வொரு கடையாகச் சொல்லிவிட்டு வாருங்கள், தட்டு வரும்போது பணம் கொடுங்கள். காப்பிக்கடைக்குள் உட்கார்ந்தால் குடிக்க ஏதாவது அந்தக் கடையில் வாங்குவது மரியாதை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு விடுமுறை நாள் உண்டு. காலைக்கடை மதியத்தில் மூடிவிடும், இரவுக்கடை ஆறு மணிக்கு முன்பு திறக்காது. தேடிப் போன கடை மூடியிருந்தால் பக்கத்துக் கடையில் சாப்பிடுங்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

தமிழ் பேசினால் புரியுமா?

லிட்டில் இந்தியாவிலும், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளிலும் தாராளமாக. பூக்கடைப் பாட்டி உங்கள் ஊரைக் கேட்டுவிட்டு, தன் கொள்ளுத்தாத்தாவின் ஊரைச் சொல்வார். வயதில் மூத்தவர்களை அண்ணே, அக்கா என்றால் போதும். பணத்தை ரிங்கிட் என்று சொல்ல மாட்டார்கள், 'அஞ்சு வெள்ளி', 'அம்பது காசு' என்பார்கள். சீனர்களிடம் ஆங்கிலம் போதும். தங்களுக்குள் அவர்கள் பேசுவது ஹொக்கியன்.

பழைய நகரத்தில் கட்டாயம் பார்க்க வேண்டியவை எவை?

ஒரே தெருவில் தொடங்குங்கள்: ஜாலான் மஸ்ஜித் கபித்தான் கெலிங். 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயில், ஒரு தெரு உள்ளே 1833-இன் மகாமாரியம்மன் கோயில், கடைசியில் 1801-இல் தமிழ் முஸ்லிம் தலைவர் காதர் மொகைதீன் எழுப்பிய கபித்தான் கெலிங் பள்ளிவாசல். நடந்தால் பத்து நிமிடத் தூரம், நின்று பார்த்தால் அரை நாள். பள்ளிவாசலுக்குள் தொழுகை இல்லாத நேரத்தில் மற்றவர்களும் போகலாம், மேலங்கி கொடுப்பார்கள். சற்றுத் தள்ளிச் சூலியா தெருவில் நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. நாகூர் ஆண்டவரை நினைத்துக் கடல் தாண்டி வந்தவர்கள் இங்கேயும் ஓர் இடம் அமைத்துக்கொண்டார்கள்.

லெபோ ஆர்மேனியன் பக்கம் 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. சைக்கிளில் போகும் இரு பிள்ளைகள் ஓவியத்தின் முன் எப்போதும் வரிசை நிற்கும். காலை எட்டு மணிக்குப் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். கூ கொங்சி குலக்கோயிலை விடாதீர்கள், கூரையில் மட்டும் அரை மணி நேரம் கண் நிற்கும். கடலுக்குள் கால் ஊன்றிக் கட்டிய சீனக் குலத்தவர் வீடுகளில், சியூ படகுத்துறையில் மாலை நடக்கலாம். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள், வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். கார்ன்வாலிஸ் கோட்டை நேரமிருந்தால்.

பினாங்கு மலை எப்படி?

1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில். 2011-இல் புதுப் பெட்டிகள் போட்ட பிறகு நடுவில் மாறி ஏறாமல் நேரே மேலே போகிறது. வெளிநாட்டுப் பெரியவர்களுக்குப் போகவர 30 வெள்ளி அளவில். மேலே கீழைவிட நாலைந்து டிகிரி குளிர்ச்சி. சின்ன முருகன் கோயில், பக்கத்தில் பள்ளிவாசல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருமந்திகள். வார நாளில், காலை முதல் வண்டியில் அல்லது நான்கரைக்கு மேல் போங்கள். மாலை போனால் இருட்டும்வரை இருந்து, பாலமும் பட்டர்வொர்த்தும் விளக்கேற்றுவதைப் பார்த்துவிட்டு இறங்கலாம், ஆனால் இறங்கும் வரிசை நீளமாக இருக்கும். 30 மீட்டர் உயரக் குவான் யின் சிலை உள்ள கேக் லோக் சி கோயில் பக்கத்தில்தான். இரண்டையும் ஒரே பொழுதில் முடிக்கலாம்.

தைப்பூசத்துக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். பினாங்குத் தமிழர்கள் தண்ணீர்மலை என்று சொல்லும் பகுதியில் 1857-இல் கட்டிய நகரத்தார் கோயிலும், 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிப் போகும் மலைக்கோயிலும் இருக்கின்றன. பூசத்துக்கு முந்தைய நாள் விடியற்காலையில், 1894-இல் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்த வெள்ளித் தேர் நகரத்திலிருந்து கிளம்பும். வழியெங்கும் தேங்காய் உடைபடும். மலை மலையாகக் குவித்து உடைக்கிறவர்களில் சீனர்கள் ஏராளம். 2017 முதல் மலைக்கோயிலின் தங்கத் தேரும் வருகிறது. அந்த நாட்களில் கார் எதுவும் அசையாது, நடக்கத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள். சாதாரண நாளில் காலை ஆறரைக்குப் படியேறிவிட்டுப் பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் ஒரு சுற்று நடக்கலாம். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு பறித்துக்கொள்ளும்.

அப்பா அம்மாவை அழைத்துப் போகிறோம், சமாளிப்பார்களா?

நடைபாதைதான் சிக்கல். கடைவீடுகளின் முன்னுள்ள மூடிய தாழ்வாரம் ஒவ்வொரு கடைக்கும் ஓர் உயரம், நடுவில் கடைக்காரர் சாமான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவோ கிராப்போ எடுத்துவிடுங்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், மின்தூக்கி உள்ள விடுதி பாருங்கள். மலை ரயில் அவர்களுக்குப் பிடிக்கும். கேக் லோக் சியில் மேல்தளத்துக்குச் சாய்வு மின்தூக்கி உண்டு.

அங்கிருந்து ஒரு நாளில் வேறெங்கு போய் வரலாம்?

தமிழர்களுக்கு என் முதல் யோசனை கடாரம். பட்டர்வொர்த்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில், கெடா மாநிலத்தில் ஜெராய் மலையடிவாரத்தில் புஜாங் பள்ளத்தாக்கு. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய இடங்களின் பட்டியலில் மெய்க்கீர்த்தி சொல்லும் கடாரத்தை ஆய்வாளர்கள் இந்த வட்டாரத்தோடுதான் பொருத்துகிறார்கள். மெர்போக்கில் அருங்காட்சியகம் இருக்கிறது, அதன் மேல்புறம் புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளம். தஞ்சைப் பெரிய கோயிலை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்: கோபுரம் இல்லை, விமானம் இல்லை, தூண் நின்ற கல்பீடங்களும் படிகளும் மட்டுமே. மரத்தாலான மேற்கூரை மழையில் எப்போதோ போய்விட்டது. பின்னால் ஓடை ஓடும் சத்தம் கேட்கும். இந்து, பௌத்தம் இரண்டின் தடயமும் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைத்திருக்கிறது. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் தோண்டியெடுத்திருக்கிறார்கள். பேருந்தில் போவது சிரமம், வண்டியைப் போகவரப் பேசிக்கொள்ளுங்கள்.

அடுத்தது தைப்பிங். பட்டர்வொர்த்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல. ஈயச் சுரங்கக் குழிகளை ஏரிகளாக்கிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள், பழைய மழை மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீரைத் தொடும். குடை கட்டாயம், நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று.

லங்காவி ஒரு நாள் பயணத்துக்கு ஒத்துவராது. போவதென்றால் விமானத்தில் போய் இரண்டு இரவு தங்குங்கள், கடற்குளியல் ஆசை அங்கே தீரும். கேமரன் மலையையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள்.

பணம் எப்படிக் கொண்டுபோவது?

ஒரு வெள்ளி நம் 20 ரூபாய்க்குச் சற்று மேலே. இந்தியாவிலிருந்து கிளம்பும்போது இந்திய நோட்டாக 25,000 ரூபாய் வரைதான் எடுத்துப்போகலாம். லிட்டில் இந்தியாவின் பணமாற்றுக் கடைகளில் விமான நிலையத்தைவிட நல்ல விலை கிடைக்கும். தெருக்கடைகளுக்கு ரொக்கம் வேண்டும். வெளிநாட்டவருக்கு அறை ஒன்றுக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு, முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. மின்செருகி மூன்று சதுர முனை வகை, மாற்றி எடுத்துப்போங்கள்.

பாதுகாப்பான ஊரா?

ஆம். பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கத் தோளில் மாட்டுங்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. கொசுத்தைலம் பூசுங்கள், டெங்கு இருக்கிறது. சாப்பாட்டுக் கடைகளில் புகைபிடித்தால் அபராதம். தினசரி மருந்துகளோடு மருத்துவர் சீட்டும் இருக்கட்டும், போதைப்பொருள் சட்டம் அங்கே மிகக் கடுமை.

என்ன வாங்கி வரலாம்?

ஜாதிக்காய் ஊறல், ஜாதிக்காய்த் தைலம், வெள்ளைக் காப்பித் தூள். பயறு வைத்த தௌ சார் பியா பிஸ்கட்டும் பேர்போனது, ஆனால் சில கடைகளில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், பெட்டியில் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். ஜூன், ஜூலையில் போனால் பாலிக் பூலாவ் பக்கம், வாடை தூக்கும் டுரியான் பழத்தைத் தோட்டத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம். அதை மட்டும் அறைக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். விடுதி வாசலிலேயே டுரியான் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு ஒட்டியிருப்பார்கள், மீறினால் அறையைச் சுத்தம் செய்ய உங்களிடமே பணம் வாங்குவார்கள்.